இன்னும் இருபதடி இறக்கலாமா?

நிலத்தடி நீரைக் கணினியில் மாடல் செய்து பார்ப்பது என் வேலை. குடியிருப்பது வெள்ளவத்தையில். இந்த இரண்டும் தெரிந்தவர்கள் மாசி, பங்குனி மாதங்களில் என்னை எங்கே கண்டாலும் மறித்து ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். கோயில் வாசல், கலியாண வீடு, காலி வீதியில் மரக்கறி வாங்கும் இடம், எங்கேயானாலும் இதுதான். தொடர்மாடி ஒன்றில் இருக்கும் மாமா ஒருவர் கேட்டது போல: "பிள்ளை, எங்கட தொடர்மாடிக் குழாய்க்கிணறு உவர்க்கத் தொடங்கிட்டுது. இன்னும் ஒரு இருபதடி இறக்கினால் நல்ல தண்ணி வராதோ?"

வராது. பெரும்பாலும் இருக்கிற நல்ல தண்ணீரும் போய்விடும். ஏன் என்பதை வழியில் நின்றபடி சொல்லி முடிக்க முடிவதில்லை. அதனால் ஆறுதலாக இங்கே எழுதுகிறேன்.

கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. வன்னியில் கிணறு வற்றினால் ஆழப்படுத்துவார்கள், தண்ணீர் ஊறும். தலைமுறையாகக் கண்ட அனுபவம் அது. ஆனால் கடற்கரையில் நிலத்துக்குக் கீழே நன்னீர் மட்டும் இருப்பதில்லை. மண்ணுக்குள்ளே கடல்நீரும் புகுந்திருக்கிறது. மழையில் இறங்கிய நன்னீர் அதன்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. ஒரு கனமீற்றர் நன்னீரின் நிறை 1000 கிலோ என்றால், கடல்நீரின் நிறை ஏறத்தாழ 1025 கிலோ. அந்த 25 கிலோ வித்தியாசத்தில்தான் நமது கிணறுகளின் தலைவிதி இருக்கிறது. 1000ஐ 25ஆல் வகுத்தால் 40. அதாவது கிணற்று நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 40 மீற்றர் ஆழம்வரை நன்னீர் இருக்கும். 1880களின் கடைசியில் ஆம்ஸ்டர்டாம் பக்கத்தில் கிணறுகளை ஆராய்ந்த டச்சு இராணுவப் பொறியியலாளர் படோன் கைபன் இதைக் கண்டார். வடகடலில் இருக்கும் ஜெர்மனியின் நோர்டர்னி தீவில் கிணறு வெட்டியபோது ஹெர்ஸ்பர்க் என்பவரும் தனியாக இதையே கண்டு 1901இல் வெளியிட்டார். இன்றைக்கும் இரண்டு பேரின் பெயரையும் சேர்த்து கைபன்–ஹெர்ஸ்பர்க் விதி என்றே சொல்கிறோம்.

ஒன்றுக்கு நாற்பது என்றதும் சந்தோஷமாக இருக்கும். ஆனால் அதே கணக்கு மறுபக்கமும் வேலை செய்யும். நீர்மட்டம் 10 சென்ரிமீற்றர் தாழ்ந்தால் அடியில் நன்னீரும் கடல்நீரும் சந்திக்கும் உவர் எல்லை 4 மீற்றர் மேலே வர இடம் கிடைக்கிறது. கடலுக்குப் பக்கத்தில் நீர்மட்டம் கடலைவிட அதிகம் உயர்ந்து நிற்பதில்லை. அந்தச் சொற்ப உயரத்தைத்தான் நாம் பம்ப் போட்டுக் குறைக்கிறோம்.

பம்ப் ஓடும்போது கிணற்றைச் சுற்றி நீர்மட்டம் பள்ளமாக இறங்கும். அதற்கு நேர் கீழே உவர்நீர் கூம்பாக எழும்பும். இஸ்ரேல் கடற்கரையில் செய்து 1969இல் வெளியிட்ட கள ஆய்வு ஒன்றில் ஷ்மோரக், மெர்க்காடோ என்ற இருவர் இந்தக் கூம்பை அளந்து, ஒரு எளிய சூத்திரமும் தந்தார்கள். கிணற்றின் அடிக்கும் உவர் எல்லைக்கும் இடையே இருக்கும் தூரத்தில் ஏறத்தாழக் கால்வாசி உயரம் வரைக்கும் கூம்பு எழும்பினால் ஆபத்தில்லை. அதைத் தாண்டினால் அது நிலையாக நிற்காமல் கிணற்றுக்குள் பாய்ந்துவிடும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் பார்ப்பது வழக்கம். இதில் நான் எல்லோருக்கும் காட்ட விரும்புவது ஒரே விஷயம்: பாதுகாப்பாக எடுக்கக்கூடிய தண்ணீரின் அளவு அந்த இடைவெளியின் வர்க்கத்தோடு போகிறது. இடைவெளி பாதியானால் எடுக்கக்கூடிய அளவு நாலில் ஒன்றாகிவிடும்.

எண் போட்டுப் பார்ப்போம். ஓரளவு நல்ல மணல், நீர் கடத்துதிறன் (மணல் தண்ணீரை எவ்வளவு இலகுவாக விடுகிறது என்ற அளவு) நாளுக்கு 10 மீற்றர். கிணற்றின் அடியிலிருந்து உவர் எல்லைக்கு 10 மீற்றர் இடைவெளி. சூத்திரத்தில் போட்டால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 39,000 லீற்றர் எடுக்கலாம் என்று வரும். நாற்பது வீடுகள் உள்ள தொடர்மாடிக்கு வீட்டுக்கு 600 லீற்றர்ப்படி 24,000 லீற்றர் போதும். தாராளமாக இருக்கிறது. இப்போது அந்த மாமா கேட்ட இருபதடியை இறக்குவோம். இருபதடி என்றால் 6 மீற்றர். இடைவெளி 4 மீற்றராகக் குறைகிறது. அதே மணல், அதே பம்ப். பாதுகாப்பான அளவு இப்போது ஏறத்தாழ 6,000 லீற்றர்தான். பத்து வீட்டுக்குப் போதுமான தண்ணீர். மற்ற முப்பது வீட்டுக்கும் எடுக்கத் தொடங்கினால் உவர் வரும். உவர் வந்ததும் யாராவது ஒருவர் "இன்னும் ஒரு இருபதடி" என்பார்.

உவர் எவ்வளவு வந்தால் கிணறு கெடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆட்கள் நினைப்பதைவிட மிகக் குறைவு. கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 19,000 மில்லிகிராம் குளோரைட் இருக்கிறது. குடிநீருக்கு நமது தரநிர்ணய எல்லை 250. நூறு வாளியில் ஒரு வாளி கடல்நீர் கலந்தாலே 190 கூடிவிடும். இரண்டாவது வாளியோடு அந்தத் தண்ணீர் குடிநீர் இல்லை. அதற்கு மேலே போனால் பூச்செடிக்கும் உதவாது, குளியலறைக் குழாய்களும் துருப்பிடிக்கும்.

மேலே போட்டது மணலுக்கான கணக்கு. கொழும்பில் எல்லாம் மணல் இல்லை. இலங்கையின் நிலத்தடி நீர்த்தேக்கங்களை ஆய்வாளர் பானபொக்க முதலியோர் ஆறு வகையாகப் பிரித்தார்கள். அதில் யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் ஒரு வகை, கரையோர மணல் இன்னொரு வகை, தென்மேற்குப் பகுதியின் கபுக்கல் என்ற செம்புறைக்கல் வேறொரு வகை. வெள்ளவத்தையில் கடலோரமாக மணல், உள்ளே கபுக்கல், அடியில் மிகப் பழைய கரும்பாறை. குழாய்க்கிணறு பாறைக்குள் இறங்கிவிட்டால் தண்ணீர் வருவது வெடிப்புகள் வழியாகத்தான். ஒரு வெடிப்பு கடல்பக்கம் நீண்டிருந்தால், உவர் கூம்பாக எழும்பக் காத்திருக்கத் தேவையில்லை, நேராகவே வரும். அடுத்தடுத்த காணிகளில் ஒன்றில் நல்ல தண்ணீரும் மற்றதில் உவரும் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். பாறைக்குள் எந்த வெடிப்பு எங்கே போகிறது என்று எந்த மாடலும் தானாகச் சொல்லாது. அதனால் பாறைக்குள் இறங்கும் கிணறுகளுக்கு நான் இன்னும் கவனமாக இருக்கச் சொல்வேன். ஆழப்படுத்தும் ஒவ்வொரு அடியிலும் நல்ல வெடிப்பு கிடைக்கலாம், கடலைத் தொட்ட வெடிப்பும் கிடைக்கலாம். இரண்டாவது கிடைத்தால் முழுக் கிணறும் போய்விடும்.

சூத்திரம் இருக்கும்போது மாடல் எதற்கு என்று கேட்கலாம். சூத்திரத்துக்கு ஒரே ஒரு கிணறுதான் தெரியும். மாரி, கோடை தெரியாது. பக்கத்துக் கட்டடத்தின் பம்ப் தெரியாது. வெள்ளவத்தைக் கால்வாயில் உவர் ஏறி இறங்குவது தெரியாது. முக்கியமாக, காலம் தெரியாது. மாடலில் நிலத்தைச் சின்னச் சின்னப் பெட்டிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பெட்டிக்கும் எவ்வளவு தண்ணீர் வருகிறது, எவ்வளவு போகிறது, எவ்வளவு உப்பு அதோடு போகிறது என்று நாளுக்கு நாள் கணக்கிடுகிறோம். உப்புக் கூடினால் அடர்த்தி கூடும், அடர்த்தி கூடினால் ஓட்டம் மாறும், ஓட்டம் மாறினால் உப்பு போகும் வழியும் மாறும். இரண்டையும் சேர்த்தே தீர்க்க வேண்டும். அமெரிக்கப் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களத்தின் சீவாட், மோட்ஃப்ளோ 6 ஆகிய மென்பொருட்கள் இதைச் செய்கின்றன. இரண்டும் இலவசம், சாதாரண மடிக்கணினியிலும் ஓடும். நமது பல்கலைக்கழக மாணவர்கள் காசில்லாமல் இதைக் கற்கலாம் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். தொடங்குபவர்கள் முதலில் 1964இல் ஹென்றி எழுதிய கணக்கைச் செய்து பாருங்கள். ஒரு பெட்டி. ஒரு பக்கம் நன்னீர் வருகிறது, மறுபக்கம் கடல். கடல்நீர் அடியால் ஆப்பு மாதிரி நுழைந்து, கலந்து, மேலால் திரும்பிக் கடலுக்கே போவது திரையில் வரும். முதன்முறை பார்த்த இரவு நான் தூங்கவில்லை. கடல் உள்ளே வந்து நிற்கிறது என்றே அதுவரை நினைத்திருந்தேன். அது உள்ளே வந்து சுற்றிக்கொண்டிருக்கிறது.

மாடலுக்குப் பெரிய தடை கணினி இல்லை, தரவு. யார் எவ்வளவு இறைக்கிறார்கள் என்று யாரிடமும் எழுத்தில் இல்லை. வீட்டுக் கிணற்றுக்கு மீற்றர் கிடையாது. அதனால் நான் பம்பின் குதிரைவலுவைக் கேட்பேன், நாளுக்கு எத்தனை மணித்தியாலம் ஓடுகிறது என்று கேட்பேன், மின்சாரப் பட்டியலையும் வாங்கிப் பார்ப்பேன். தொடர்மாடிகளில் இந்த விஷயத்தில் மிகச் சரியான தகவல் தருபவர் காவலாளிதான். தொட்டி எப்போது நிரம்பும், எப்போது வழியும், எந்த மாதம் தண்ணீரில் சோப்பு நுரைக்காது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும்.

கற்பிட்டியில் வேலை செய்தபோது மாடல் எவ்வளவு உதவும் என்பதை நேரில் கண்டேன். மேற்கே இந்து சமுத்திரம், கிழக்கே புத்தளம் களப்பு, நடுவே ஒடுக்கமான மணல் நிலம். அந்த மணலுக்குள் மழைநீர் ஒரு வில்லை போலத் தேங்கி நிற்கிறது. நடுவில் தடிப்பு, இரண்டு கரையிலும் மெலிவு. அதை நம்பித்தான் மிளகாயும் வெங்காயமும் பீற்றூட்டும். தோட்டக்காரர் ஒருவர், எல்லோரும் நானா என்று கூப்பிடும் மூத்தவர், தனது கிணற்றடியில் வைத்துச் சொன்னார்: "தங்கச்சி, மொத்தமா எவ்வளவு எடுக்கலாம் எண்டு எல்லாரும் வந்து சொல்றாங்க. எப்படி எடுக்கிறதெண்டு ஒருத்தரும் சொல்றாங்க இல்ல."

அன்றிலிருந்து அந்தக் கேள்விக்காகத்தான் மாடல் ஓட்டுகிறேன். அதே மொத்த அளவை மாடலில் இரண்டு விதமாக எடுத்துப் பார்த்தோம். ஒரு ஆழக் கிணற்றில் பெரிய பம்ப் போட்டுச் சில மணித்தியாலத்தில் எடுத்தபோது உவர் கிணற்றுக்குள் வந்தது. அதையே தள்ளித் தள்ளி அமைத்த நாலு ஆழமற்ற கிணறுகளில் பிரித்து மெதுவாக எடுத்தபோது எல்லை கொஞ்சம் மேலே வந்து அப்படியே நின்றது. எடுத்த தண்ணீர் ஒன்றுதான், எடுத்த விதம்தான் வேறு. பாலில் ஆடையை மட்டும் வழித்தெடுப்பது போல மேல்நீரை மட்டும் எடுக்க வேண்டும். பசிபிக் சமுத்திரத்தில் கிரிபாட்டி நாட்டின் தராவாத் தீவில் போன்ரிகி என்ற இடத்தில் கிணறே வெட்டாமல், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே துளையிட்ட குழாய்களைப் படுக்கையாகப் புதைத்து ஊருக்குத் தண்ணீர் எடுக்கிறார்கள். மெல்லிய வில்லைக்கு அதுதான் பொருத்தம். நமது துலாக் கிணறுகளும் இந்த வகையில் நல்லவை. துலா மிதித்து இறைத்தவர்களின் உடம்பு நொந்தது உண்மை, அதற்குத் திரும்பிப் போகச் சொல்லவில்லை. ஆனால் அந்த வேகத்தில் இறைத்தால் அடிநீர் கலங்காது. இறைப்பு மெஷின் வந்த பிறகு வேகம் மட்டும் மாறியது, கிணறு அதே இடத்தில் இருந்தது.

காலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2004 மார்கழி 26 சுனாமிக்குப் பிறகு மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் ஆயிரக்கணக்கான கிணறுகளுக்குள் கடல் வந்துவிட்டது. உதவிக்கு வந்தவர்கள் நல்ல மனதோடு பம்ப் வைத்து இறைத்தார்கள். தண்ணீர் இன்னும் உவர்ப்பாக இருக்கிறது என்று திரும்பவும் இறைத்தார்கள். பத்தரமுல்லையில் தலைமையகம் வைத்திருக்கும் சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அப்போதே எச்சரித்தார்கள்: சேற்றையும் குப்பையையும் எடுக்க ஒருமுறை இறையுங்கள், அதற்குமேல் இறைத்தால் அடியில் இருக்கும் உவரை நீங்களே மேலே இழுப்பீர்கள், மழைதான் இதைக் கழுவ வேண்டும். உண்மையில் கழுவியதும் அடுத்தடுத்த மாரி மழைதான். உறவுகளைப் பறிகொடுத்து, வீடும் இல்லாமல் நிற்கிற ஒருவரிடம் "கிணற்றை இறைக்காமல் காத்திருங்கள்" என்று சொல்வது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும்.

சுனாமி ஒரே நாளில் வந்தது. பம்ப் செய்வது ஆண்டுக்கணக்கில் நடக்கும். மண்ணுக்குள் உவர் முனை நகர்வது மிக மெதுவாக. இன்றைக்கு உங்கள் கிணற்றுத் தண்ணீர் நாக்கில் உவர்த்தால், அதற்கான இறைப்பு எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கியிருக்கும். இன்றைக்கே பம்பை நிறுத்தினாலும் முனை உடனே பின்வாங்காது. உள்ளே வந்ததைவிட வெளியே போக அதிக காலம் எடுக்கும். அதனால் "உவர்த்தால் பார்த்துக்கொள்ளலாம்" என்பது கடற்கரையில் செல்லாது. நாக்குக்குத் தெரியும் முன்பே மாடலில் தெரிய வேண்டும். நான் இந்த வேலையில் இருப்பதே அதற்காகத்தான்.

எல்லாம் கடல்மட்டம் உயர்வதால்தானே என்று சிலர் கேட்பதுண்டு. கடல் உயர்வது உண்மை, கவலைக்குரியது. ஆனால் 2012இல் பேர்குசன், கிளீசன் என்ற இருவர் அமெரிக்கக் கரையோரங்களை எடுத்துச் செய்த ஆய்வில், மிகத் தட்டையான நிலங்களைத் தவிர மற்ற இடங்களில் கடல்மட்ட உயர்வைவிட இறைப்பே பெரிய காரணம் என்று கண்டார்கள். இறைப்பு நம் கையில் இருக்கிறது.

குழாய்த்தண்ணீர் இருக்கத்தானே, கிணறு போனால் போகட்டும் என்றும் கேட்டிருக்கிறேன். கொழும்பின் குழாய்த்தண்ணீரில் பெரும்பங்கு களனி கங்கையிலிருந்து அம்பத்தளையில் எடுக்கப்படுவது. மண் அள்ளி ஆற்றின் அடி தாழ்ந்துபோனதில், வரட்சிக் காலத்தில் ஆற்று நீர் குறையும்போது கடல்நீர் ஆற்றுவழியே ஏறி வருகிறது. அதைத் தடுக்க அம்பத்தளையில் மணல் மூட்டை அடுக்கிய ஆண்டுகள் உண்டு. கிணறு உவர்க்கும் அதே மாதங்களில்தான் ஆறும் உவர்க்கிறது. கூரை மழைநீரை நிலத்துக்குள் விடுவது நல்லது, கட்டாயம் செய்யுங்கள். ஆனால் 500 சதுர மீற்றர் கூரையில், கொழும்பின் மழை ஆண்டுக்கு 2400 மில்லிமீற்றர் என்று எடுத்தால், கிடைப்பது 12 இலட்சம் லீற்றர். நாளுக்கு 24,000 லீற்றர் எடுக்கும் தொடர்மாடிக்கு ஆண்டுத் தேவை 87 இலட்சத்துக்கு மேல். ஏழில் ஒரு பங்குதான் ஈடாகும். மீதியை எப்படி எடுக்கிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும்.

சரி, அந்த மாமாவின் தொடர்மாடிக்கு வருவோம். நிர்வாகக் குழுவினர் பொறுமையாக இருந்து கேட்டார்கள். கிணற்றுக்குள் மின்கடத்துதிறன் அளக்கும் கருவியைக் கயிற்றில் இறக்கி, மீற்றருக்கு மீற்றர் அளந்தோம். உப்புக் கூடினால் மின்கடத்துதிறனும் கூடும்: நல்ல நீரில் சில நூறு மைக்ரோசீமென்ஸ் காட்டும், கடல்நீரில் 50,000 அளவில் காட்டும் கருவி அது. பம்ப் ஓடிய உடனே அளக்கக்கூடாது, கிணற்றுக்குள் எல்லாம் கலந்திருக்கும். ஒரு இரவு நிறுத்திவைத்து விடியற்காலையில் அளந்தோம். மேலே நல்ல தண்ணீர் இருக்கிறது, அடிப்பகுதியில்தான் உவர். அதனால் ஆழப்படுத்துவதற்குச் சேர்த்த காசில் அடிப்பகுதியைச் சீமெந்து போட்டு அடைத்து, பம்பை மேலே தூக்கி, காலையிலும் மாலையிலும் வேகமாக இறைக்காமல் சின்னப் பம்பை நீண்ட நேரம் ஓட விடுவதென்று முடிவாகியிருக்கிறது. தொட்டிக்குப் போகும் குழாயில் ஒரு மீற்றரும் பூட்டுகிறார்கள். மாதம் ஒருமுறை அளந்து எழுத காவலாளி அண்ணைக்குக் கருவியைப் பழக்கிவிட்டேன்.

மிஞ்சியிருப்பது பக்கத்துக் கட்டடம். அவர்கள் கிணறு இதைவிட ஆழம், பம்பும் பெரியது, இரண்டும் இறைப்பது ஒரே தண்ணீரைத்தான். அடுத்த ஞாயிறு மாமாவும் நானும் அவர்களோடு கதைக்கப் போகிறோம். கிணறு துளைத்தபோது எழுதிய தாளையும் கடந்த ஆண்டு மின்சாரப் பட்டியல்களையும் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். அவை கிடைத்தால் இரண்டு கிணற்றையும் ஒரே மாடலில் போட்டு, யார் எந்த நேரத்தில் எவ்வளவு இறைக்கலாம் என்று பிரித்துக் கொடுக்கலாம்.